வேம்பில் நிற்கும் மருமகனுக்கு ஒரு சொல்

1

இந்தக் கதை என் வீட்டுக் கூரையிலிருந்து வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

மருதமுனையில் எங்கள் வீட்டு வளவு மூலையில் ஒரு வாகை நிற்கிறது. போன மாரிக்கு அதன் கொப்பொன்று சரிந்து எங்கள் ஓட்டின்மேல் படுத்துக்கொண்டது. வழக்கமாக இப்படி ஏதும் நடந்தால் ஒருவர் கத்தியும் கயிறுமாகச் சைக்கிளில் வருவார். ஏறுவார், வெட்டுவார், கூடவே நாலு ஓட்டையும் உடைப்பார், தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார். இந்த முறை வந்தவர்கள் ஏறவில்லை. ஒரு தாளை நீட்டினார்கள். மின்கம்பி எத்தனை அடி தள்ளி இருக்கிறது, மரத்தில் குருவிக்கூடு உண்டா, குளவி உண்டா, மேலே ஆளுக்கு மயக்கம் வந்தால் இறக்குவது யார், ஆஸ்பத்திரிக்கு எந்த வழியால் போவது என்று இரண்டு பக்கம் கேள்வி. நான் பதினெட்டு வருடமாகக் குடும்பக் காதல் கதைகள் எழுதுகிறேன். என் கதைகளில் ஒரு மாப்பிள்ளையிடம்கூட யாரும் இவ்வளவு விசாரித்ததில்லை.

தாளை நிரப்பிக் கொடுத்தபின் வேலை தொடங்கியது. மரத்தில் ஒரு இளைஞன். கீழே குடை பிடித்தபடி நாற்பத்தாறு, நாற்பத்தேழு வயதில் ஒரு பெண். பக்கத்தில் அவளுடைய மகள். அந்தப் பெண் மேலே பார்த்துவிட்டு மகளிடம் சொன்னாள்: "மகள், அவருக்குச் சொல்லு, இடப்பக்கத்துக் கொப்பு உள்ளுக்க இத்துப்போயிரிக்கி. அதில கால வெக்க வேணாமெண்டு."

மகள் அண்ணாந்து கத்தினாள்: "மச்சான், இடப்பக்கத்துக் கொப்பு இத்துப்போச்சாம்! கால வெக்க வேணாமாம்!"

மேலேயிருந்து பதில் வந்தது: "சரியெண்டு மாமிக்குச் சொல்லு!"

மகள் திரும்பி, "சரியாம் உம்மா" என்றாள்.

மரத்தில் நின்றவனுக்கு முதல் தடவையே எல்லாம் கேட்டிருக்கும். அவ்வளவு உயரமில்லை. நான் அடுப்பில் கறியை விட்டுவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டேன். கறி அடிப்பிடித்தது. கதை பிடிபட்டது.

(வெளியூர் வாசகருக்கு: எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து குடியிருப்பார். மாமியும் மருமகனும் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள், ஆனால் நேருக்கு நேர் கதைக்கமாட்டார்கள். அது கோபமல்ல, மரியாதை கலந்த ஒரு வெட்கம். இப்போது பல வீடுகளில் இந்த வழக்கம் போய்விட்டது. போகாத வீடுகளும் இருக்கின்றன.)

2

எழுத உட்கார்ந்தபோது முதல் வரி இப்படி வந்தது:

கல்முனைக்குடியில் கடற்காற்று மெல்ல வீசிய ஓர் அந்திப்பொழுதில், றிஸ்லா தன் கணவன் ஏறியிருந்த மரத்தை

விட்டுவிட்டேன். அந்தியில் யாரும் மரத்தில் ஏறக்கூடாது. வெளிச்சம் குறையுமுன் இறங்கிவிட வேண்டும் என்று மரம் வெட்டுகிறவர்களின் விதிக்கோவையில் இருக்கிறது. கதாநாயகனை முதல் வரியிலேயே விதிமீற வைத்தால் இந்தக் கதையில் அவனுக்கு வேண்டிய சான்றிதழ் எப்படிக் கிடைக்கும்?

இரண்டாவது வரி:

"போகாதீங்க மச்சான்" என்று றிஸ்லா விசும்பி

இதுவும் வேண்டாம். என்னுடைய எல்லாக் கதைகளிலும் ஒருத்தி இப்படித்தான் விசும்புகிறாள். றிஸ்லா விசும்புகிற ஆளில்லை. அவள் படிவம் நிரப்புகிற ஆள்.

ஆகவே நேராகச் சொல்கிறேன். ஸப்ரி ஆறு வருடம் கட்டாரில் இருந்தான். பூங்கா மரங்களைக் கயிற்றில் தொங்கி வெட்டும் வேலையை அங்கேதான் முறையாகக் கற்றுக்கொண்டான். ஊருக்கு வந்தான், றிஸ்லாவைக் கலியாணம் முடித்தான், அவள் வீட்டு வளவிலேயே ‘றிஸ்லா மரப் பராமரிப்பு’ என்று பலகை தொங்கவிட்டான். இப்போது எட்டு மாதம். பழைய கம்பனி மறுபடியும் விசா அனுப்பியிருக்கிறது. மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும்.

இங்கேயே இருப்பதற்கும் ஒரு வழி இருந்தது. சுற்றுவட்டாரப் பாடசாலைகளின் மரங்களை மூன்று வருடம் பராமரிக்கும் வேலை. ஆனால் மரப்பணித் தரச்சபையின் சான்றிதழ் உள்ள நிறுவனத்துக்குத்தான் அதைக் கொடுப்பார்கள். (அப்படியொரு சபையைத் தேட வேண்டாம். கதைக்காக நானே அமைத்தேன்.)

"சேட்டுபிக்கட் வந்தா நிப்பன். வராட்டி போவன். ரெண்டில ஒண்டு" என்றான் ஸப்ரி.

"வரும்" என்றாள் றிஸ்லா. அன்றிலிருந்து அவளுக்குக் கையில் பேனை, காதில் பேனை.

கயிற்றை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதித்த பதிவேடு, தலைக்கவசத்தின் நாடிப்பட்டி, மரத்தடியில் முதலுதவிப் பெட்டி, கொப்பு விழும் எல்லையைச் சுற்றிக் கட்டும் சிவப்பு நாடா, காப்புறுதி என்று நாற்பத்தொரு விதிகள். நாற்பதை அவள் ஒரு கிழமையில் சரிக்கட்டினாள். மிஞ்சிய ஒரு விதியில்தான் இந்தக் கதை நடக்கிறது: கீழே நிற்கும் மேற்பார்வையாளரின் குரல் மேலே நிற்பவரை நேரடியாக அடைய வேண்டும்.

3

தரச்சபையிலிருந்து வந்த பரிசோதகர் ஒரு பெண். பெயர் உசாந்தினி. கல்முனையில் பிறந்து வளர்ந்தவள்தான். வேலைக்குப் பொருத்தமான சப்பாத்து, கையில் ஒரு அட்டை, கழுத்தில் நேரமானி.

முதலில் மேற்பார்வையாளர் யார் என்று தெரிவு செய்ய வேண்டியிருந்தது. வளவிலிருந்த வேம்பைக் காட்டி, "அந்த வளைஞ்ச கொப்ப வெட்டினா எந்தப் பக்கம் திரும்பும்?" என்று கேட்டாள்.

ஸப்ரியின் கூட்டாளி இப்றாஹிம் கீழே கயிறு பிடிக்கிறவன். அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "கிணத்துப் பக்கம் மிஸ்" என்றான்.

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். றிஸ்லாவின் உம்மா ஹாஜறா. அவளுடைய வாப்பா கல்முனைக்குடியில் மரக்காலை என்னும் மரக்கடை வைத்திருந்தவர். பலகைக் குவியல்களுக்கு நடுவில் வளர்ந்தவள். "கிணத்துப் பக்கமா? பாரமெல்லாம் அங்கால நுனியில கிடக்கு. வெட்டினா முறுகிக்கிட்டு மதில்ல வந்து அடிக்கும். முதல்ல நுனியக் கழிக்கணும்."

உசாந்தினி அட்டையில் குறித்துக்கொண்டாள். "அக்கா, நீங்கதான் சூப்பவைசர்."

"நானா?"

"உங்களுக்குத்தான் தெரியுது."

"அப்ப எனக்கு?" என்றான் இப்றாஹிம்.

"நீங்க கயித்தப் பிடிங்க அண்ணன். அது நல்லாப் பிடிக்கிறீங்க."

அடுத்தது அவசர நிறுத்தச் சோதனை. ஸப்ரி வேம்பில் ஏறிக் கைவாளால் வெட்டிக்கொண்டிருப்பான். உசாந்தினி சைகை காட்டியதும் மேற்பார்வையாளர் அவனை நிறுத்த வேண்டும். ஐந்து வினாடிக்குள். வேறு யாரும் குரல் கொடுக்கக்கூடாது.

உசாந்தினி கையை உயர்த்தினாள். நேரமானியை அழுத்தினாள்.

குடையோடு வேம்படியில் நின்ற ஹாஜறா பழக்கத்தில் பக்கம் திரும்பி, "மகள், அவரை நிக்கச் சொல்லு" என்றாள்.

பக்கத்தில் மகள் இல்லை. பரிசோதகருக்குத் தேத்தண்ணி போட உள்ளே போயிருந்தாள்.

ஹாஜறா குடையை மடக்கினாள். செருப்பைக் கழற்றினாள். வீட்டுக்குள் போனாள். குசினியில் றிஸ்லா தேயிலைச் சாயத்தை வடித்துக்கொண்டிருந்தாள். "மகள், கெதியா வா. அவரை நிக்கச் சொல்லட்டாம்."

"சீனி போட்டுத்து வாறன்."

"சீனி கிடக்கட்டும், வாகா!"

றிஸ்லா கையில் தேத்தண்ணி வடியோடு ஓடிவந்து, "மச்சான், நில்லுங்க!" என்று கத்தினாள்.

ஸப்ரி நின்றான். கொப்பு அதற்குமுன்பே கீழே கிடந்தது. நேரமானியில் ஒரு நிமிடமும் இருபத்திரண்டு வினாடியும்.

"இடையில நான் கத்தட்டா எண்டு கேட்டன், மிஸ் விடல்ல" என்றான் இப்றாஹிம், அழாத குறையாக.

உசாந்தினி சிரிப்பை அடக்க அட்டையால் முகத்தை மறைத்துக்கொண்டாள். மறைத்தபடியே விண்ணப்பத்தைப் புரட்டினாள். அதில் ‘தொடர்பாடல் முறை’ என்ற இடத்தில், உம்மா சூப்பவைசரானதும், றிஸ்லா மிக நேர்மையாக எழுதியிருந்தாள்: மேற்பார்வையாளர் மகளுக்குச் சொல்வார். மகள் கணவருக்குச் சொல்வார். கணவரின் பதில் அதே வழியில் திரும்பும்.

"றிஸ்லா, இது கடிதப் போக்குவரத்து" என்றாள் உசாந்தினி. "ரெண்டு கிழமை தாறன். திரும்பி வருவன். அக்காட சத்தம் அவருக்குப் போகணும். வேற ஒரு குறையும் இல்ல."

4

இங்கே எழுதுவதை நிறுத்தி நாலு நாள் யோசித்தேன்.

முதல் சந்தேகம், ஹாஜறாவின் கணவர் மீராசாவைப் பற்றியது. முதல் எழுத்துப்படியில் அவர் இருந்தார். ஒவ்வொரு தடவையும் மனைவி சொன்னதை மருமகனிடம் சொல்லிச் சிக்கலைத் தீர்த்துக்கொண்டே இருந்தார். கதை ஓடவே இல்லை. ஆகவே அவரை மக்காவுக்கு, உம்றாவுக்கு அனுப்பிவிட்டேன். நல்ல மனுசன், போய் வரட்டும்.

இரண்டாவது சந்தேகம், உசாந்தினியைப் பற்றியது. என் விரல்கள் பழக்கத்தில் அவளைக் கடுகடுப்பான அதிகாரியாக எழுதப் பார்த்தன. அடித்துவிட்டேன். மரத்தில் நிற்கும் ஒருவன் உயிரோடு இறங்க வேண்டும் என்று விரும்புகிறவள் எப்படி இந்தக் கதைக்கு எதிரியாவாள்? றிஸ்லா விரும்புவதும் அதைத்தானே.

மூன்றாவது சந்தேகம் பெரியது. ஹாஜறாவைக் கதைக்க வைக்க எனக்கு உரிமை இருக்கிறதா? அந்த வெட்கத்தைக் கேலி செய்துவிடுவேனோ என்று பயம். எட்டு மாதமாக ஒரு வார்த்தை கதைக்காமல் அவள் மருமகனை எப்படி வைத்திருக்கிறாள் என்று பாருங்கள். அவனுக்கென்று மீனில் நடுத்துண்டு. அவன் வரும் நேரம் பார்த்து ஆணத்தைச் சூடாக்குவாள். வெள்ளிக்கிழமை தோறும் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து அவித்த வட்டிலப்பம். எல்லாவற்றையும் மேசையில் வைத்துவிட்டு, அவன் காலடிச் சத்தம் கேட்டதும் அறைக்குள் மறைந்துவிடுவாள். இந்த அழகை ஒரு விதிக்காகக் கலைக்க வேண்டுமா?

(என் கணவர் இதை வாசித்துவிட்டுச் சொன்னார்: "விசில் ஒண்டு வாங்கிக் குடு, கதை முடிஞ்சிடும்." நன்றி. உசாந்தினியிடம் கேட்டேன், அதாவது விதிக்கோவையில் எழுதிப் பார்த்தேன். விசிலும் பாவிக்கலாம், ஆனால் குரலுக்குப் பதிலாக அல்ல. இது நானே எழுதிய விதி. மாற்றமாட்டேன்.)

5

றிஸ்லா முதல் நாள் இருவரையும் வளவில் நிற்க வைத்தாள். வெட்கம் என்பதால் முதுகுக்கு முதுகு.

"உம்மா, சும்மா ஏதாவது சொல்லுங்க."

ஹாஜறா முக்காட்டு நுனியை வாயில் வைத்துக்கொண்டாள். ஸப்ரி இருமினான். ஒரு கோழி நடுவால் போனது. கால் மணித்தியாலத்தில் ஹாஜறா, "மகள், அவருக்குச் சொல்லு, வெயில்ல நிக்க வேணாமெண்டு" என்றாள்.

"மாமிக்குச் சொல்லு, எனக்கு வெயில் பழக்கமெண்டு."

றிஸ்லா பேனையை எறிந்தாள்.

நாலாம் நாள் இப்றாஹிம் ஒரு பெட்டியோடு வந்தான். தலைக்கவசத்தில் பொருத்தும் ஹெட்செட், ஒரு சோடி. "மாமி கீழ நிண்டு மெதுவாக் கதைச்சாலும் இவன்ட காதுக்க கேக்கும். முகம் பாக்கத் தேவல்ல. இவன் இலைக்குள்ள நிப்பான்."

"முகம் தெரியாதா?" என்றாள் ஹாஜறா.

"இவன்ட முகத்தில என்ன இரிக்கி மாமி பாக்க?"

ஸப்ரி வேம்பின் உச்சிக்கு ஏறினான். ஹாஜறா முக்காட்டின் மேல் கவசத்தை வைத்தாள். குடையைச் சரித்துப் பிடித்தாள். பிறகு அவளுடைய உதடு அசைவதை றிஸ்லா கண்டாள். என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. மரத்தில் ஒரு கொப்பு அசைந்தது. ஹாஜறா தலையாட்டினாள். மறுபடியும் ஏதோ சொன்னாள். பிறகு, அல்லாஹ்வே, சிரித்தாள். குடை கையிலிருந்து நழுவி விழுமளவுக்குச் சிரித்தாள்.

றிஸ்லா மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். எட்டு மாதம் அவர்களுக்கு நடுவில் நின்று, அவர்கள் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் தூக்கிச் சுமந்தவள். இப்போது ஒரு சொல்லும் அவளுக்குக் கிடைக்கவில்லை. கொஞ்சம் பொறாமை. கொஞ்சமென்ன, நிறைய. அதோடு, நெஞ்சு நிறைந்த ஒரு சந்தோசம்.

ஸப்ரி இறங்கியதும் ஹாஜறா கவசத்தைக் கழற்றி, முக்காட்டை இழுத்துவிட்டு, கதவுக்குப் பின்னால் போய்விட்டாள். பழையபடி எல்லாம்.

"உம்மா, என்னத்தக் கதைச்சீங்க?"

"ஒண்டுமில்ல. மரத்தைப் பத்தி."

"மரத்தைப் பத்திக் கதைச்சா இப்படிச் சிரிப்பாங்களா?"

ஹாஜறா அரிசி புடைப்பதைப்போல் பாசாங்கு செய்தாள். பிறகு தாங்கமாட்டாமல் சொன்னாள்: "அவருக்கு வட்டிலப்பம் புடிக்காதாம். எட்டு மாசமா நான் மனங்கோணக் கூடாதெண்டு திண்டிரிக்காரு. இத நீ ஏன்கா எனக்குச் சொல்லல்ல?"

"எனக்குமே தெரியாதே! நீங்க என்ன சொன்னீங்க?"

"எனக்கும் புடிக்காதெண்டு சொன்னன். அவர் திங்கிறாரே எண்டுதான் ஆக்கினன்."

றிஸ்லா தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அந்த வீட்டில் வட்டிலப்பம் பிடித்த ஒரே ஆள் அவள்தான். அடுத்த வெள்ளியிலிருந்து அதுவும் போச்சு.

மிஞ்சிய நாட்களில் அந்த வேம்பில் வெட்டுவதற்கு ஒன்றுமே இல்லாமல் போனது. என்றாலும் ஸப்ரி தினமும் ஏறினான். "ப்ரக்டிஸ்" என்றான்.

6

இரண்டாம் வருகை. ஸப்ரி மேலே. உசாந்தினி கையை உயர்த்தினாள். ஹாஜறாவின் உதடு அசைந்தது. கைவாள் நின்றது. இரண்டு வினாடி.

"சோக்கு!" என்றான் இப்றாஹிம்.

உசாந்தினியும் சிரித்தாள். பிறகு அட்டையின் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். "அக்கா, பெட்டரி இறங்கினா?"

இப்றாஹிம் ஹெட்செட் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கருவிய நிப்பாட்டிட்டு இன்னொருக்கா செய்யணும். வெறும் குரலால. இதுதான் கடைசி." அவளே வந்து ஹாஜறாவின் கவசத்தில் இருந்த பொத்தானை அணைத்தாள்.

இந்த இடத்துக்கு நான் மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதல் முடிவு. ஸப்ரி நின்ற கொப்பு திடீரென்று சடசடவென்று

இல்லை. எல்லாரும் இந்த இடத்தில்தான் கொப்பை முறிப்பார்கள். ஆபத்து வந்து மாமியின் வாயைத் திறக்க வேண்டுமா? தவிரவும், ஸப்ரி அன்று காலையில் அந்தக் கொப்பைச் சோதித்துக் கையெழுத்து வைத்திருக்கிறான். முறியாது.

இரண்டாம் முடிவு. ஹாஜறாவால் முடியவில்லை. சான்றிதழ் இல்லை. கட்டுநாயக்காவில் றிஸ்லா கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நின்று

விமான நிலையத்தில் பெண்களை அழவைத்து எனக்கு நல்ல பழக்கம். ஏழு கதைகளில் செய்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் கடிதம் வந்திருக்கிறது. இந்த முறை என் கைக்கு மனமில்லை.

மூன்றாம் முடிவு. உசாந்தினி மனமிரங்கி, "பரவாயில்லை அக்கா" என்று கையெழுத்துப் போட்டு

இதைக் கிழித்தே போட்டேன். அப்படிச் செய்தால் அவள் உசாந்தினி இல்லை. அப்படி வாங்கிய தாளை றிஸ்லா சுவரில் மாட்டவும் மாட்டாள்.

7

ஆகவே நடந்ததை மட்டும் எழுதுகிறேன், எழுத முடிகிற அளவுக்கு.

உசாந்தினி படிவத்தின் கடைசிப் பெட்டியைக் காட்டினாள். ‘அவசர நிறுத்தத்துக்கு அழைக்கும் சொல்’ என்று இருந்தது. வெறுமையாக இருந்தது. "இது ஒவ்வொரு கம்பனியும் தாங்களே எழுதுறது. என்ன சொல்லும் இருக்கலாம். கேட்டதும் அவர் தனக்குத்தான் எண்டு விளங்கி நிக்கணும், அவ்வளவுதான்."

"உம்மா, என்ன எழுதட்டும்?" என்றாள் றிஸ்லா.

எட்டு மாதத்தில் ஹாஜறா மருமகனை எதுவும் சொல்லி அழைத்ததில்லை. மகளிடம் ‘அவர்’. அயலவரிடம் ‘எங்கட வீட்டு ஆள்’. ஹெட்செட்டில் வேறு யாரும் இல்லாததால் ஒன்றும் சொல்லி அழைக்கத் தேவைப்படவில்லை. ஹாஜறா கொஞ்ச நேரம் மரத்தையே பார்த்தாள்.

"எழுதாத. நான் சொல்லுவன், கேட்டுத்து எழுது."

"இப்ப சொல்லுங்களன்."

"உனக்கு எதுக்கு? உன்னையா கூப்பிடப் போறன்?"

அவள் குடையை இப்றாஹிமின் கையில் கொடுத்தாள். சிவப்பு நாடா வரைக்கும் நடந்துபோய் நின்றாள். வாயில் வைத்திருந்த முக்காட்டு நுனியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

மேலே ஸப்ரி அவளுக்கு முதுகு காட்டி நின்றான். கைவாள் கரகரவென்று போய்க்கொண்டிருந்தது. உசாந்தினி கையை உயர்த்தினாள். ஹாஜறா மூச்சை உள்ளே இழுத்தாள்.

கைவாள் நின்றுவிட்டது.

"அண்ணன்!" என்று கத்தினாள் உசாந்தினி. "அவ இன்னும் கூப்பிடவே இல்ல! ஏன் நிப்பாட்டினீங்க?"

இலைகளுக்குள் ஒரு கொப்பு அசைந்தது. பிறகு ஸப்ரியின் குரல் வந்தது, ஒரு சின்னப் பிள்ளையின் குரல்போல. "வாள் சத்தத்தில கேக்காமப் போயிடுமெண்டு மிஸ்."

இப்றாஹிம் குடைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டான். றிஸ்லா மறைக்கவில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது. இந்த ஆள் எங்கேயும் போகமாட்டான்.

"செல்லாது. வெட்டிக்கொண்டு இருக்கணும்" என்ற உசாந்தினியின் குரலும் அவ்வளவு உறுதியாக இல்லை. நேரமானியைச் சுழியத்துக்குக் கொண்டுவந்தாள். "திரும்ப முதல்லயிருந்து. கைவாள எடுங்க."

நான் இங்கே பேனையை வைக்கிறேன். நாலு சொற்களை எழுதிப் பார்த்துவிட்டேன். ‘மகன்’ என்று எழுதினேன், என் கண் கலங்கியது, அதனாலேயே நம்பவில்லை. ‘மருமகன்’ கலியாண அட்டைபோல் இருந்தது. ‘தம்பி’ என்றால் கடைக்காரரையும் அப்படித்தான் கூப்பிடுகிறோம். ‘ஸப்ரி’ என்று வெறும் பெயரை எழுதியபோது ஹாஜறா தாளுக்குள்ளிருந்து என்னை முறைத்தாள். அவளுக்குத் தெரிந்த சொல் எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். உங்கள் வீட்டிலும் பேர் சொல்லிக் கூப்பிடாத ஒருவர் இருப்பார்.

எந்தச் சொல்லானாலும் சான்றிதழ் வரும். விதியை நான்தான் எழுதினேன், எனக்குத் தெரியும்.

வேம்பில் கைவாள் மறுபடியும் ஓடத் தொடங்கிவிட்டது. வேண்டுமென்றே மெதுவாக ஓடுகிறது. உசாந்தினியின் கை உயர்கிறது. றிஸ்லா காதிலிருந்து பேனையை எடுக்கிறாள்.

அவசர நிறுத்தத்துக்கு அழைக்கும் சொல்: ......................................